20 பெரிதா, 12 பெரிதா? கேமராவின் எண்களை வாசிப்போம்

சென்ற கல்வியாண்டில் எங்கள் உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, பள்ளிக்கு ஒரு கேமரா வாங்கிக்கொள்ளச் சொல்லி 18,000 ரூபாய் கொடுத்தார்கள். அறிவியல் ஆசிரியர் என்பதால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடையில் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார்கள். ஒன்றில் 16 மெகாபிக்சல், மற்றதில் 20. நான் அதிகம் யோசிக்கவில்லை. 20ஐ வாங்கிக்கொண்டு பெருமையோடு பள்ளிக்கு வந்தேன்.

ஆண்டு விழா மாலையில் தொடங்கியது. மைதானத்து மேடையில் சில குழல் விளக்குகள் மட்டும். ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் தன்னுடைய பழைய நிக்கான் டி90 கேமராவுடன் மேடைக்கு அருகில் நின்று படம் எடுத்தார். 2008இல் வெளிவந்த அந்தக் கேமராவில் 12 மெகாபிக்சல்தான். நான் ஐந்தாவது வரிசையில் இருந்து ஜூம் செய்து எடுத்தேன். அவருக்கு வேறொரு வரவேற்பு நிகழ்ச்சி இருந்ததால் பாதியில் கிளம்பிவிட்டார். விழாவின் இறுதியில், எங்கள் பள்ளியில் 22 ஆண்டுகள் சத்துணவு சமைத்து ஓய்வுபெற்ற அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அந்தப் படம் என் கேமராவில் மட்டும்தான் இருக்கிறது.

மறுவாரம் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இரண்டு கேமராக்களின் படங்களையும் திரையில் போட்டேன். அண்ணன் எடுத்த வில்லுப்பாட்டுப் படத்தில் பிள்ளைகளின் நெற்றிப் பொட்டுகூடத் தெளிவாகத் தெரிந்தது. நான் எடுத்ததில் முகங்கள் நீரில் கரைந்த வண்ணம்போல் இருந்தன. அக்காவின் முகமும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், நம்ம கேமரா 20, அண்ணன் கேமரா 12ன்னு சொன்னீங்களே. அப்ப நம்மளுதுதானே தெளிவா இருக்கணும்?"

அன்று என்னிடம் பதில் இல்லை. "திங்கட்கிழமை சொல்கிறேன்" என்றேன். அந்தத் திங்கட்கிழமைக்காக நான் படித்தவையும், வகுப்பில் செய்து பார்த்தவையுமே இந்தக் கட்டுரை.

மெகாபிக்சல் எதை எண்ணுகிறது?

கேமராவின் லென்சு உருவாக்கும் பிம்பம், உள்ளே இருக்கும் சென்சார் என்ற ஒளியுணர் சில்லின்மேல் விழுகிறது. அந்தச் சில்லு, ஒளியை மின்னூட்டமாக மாற்றும் நுண்ணிய கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். பத்து லட்சம் பிக்சல் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல்.

இத்தகைய சென்சார்களில் முன்னோடியான சிசிடியை 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் உருவாக்கினார்கள். அதற்காக 2009இல் இயற்பியல் நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவ் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தது 100 × 100, அதாவது 10,000 பிக்சல்தான். ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது.

எங்கள் கேமராவின் படம் 5184 × 3888 பிக்சல். டி90இன் படம் 4288 × 2848. மாணவர்களைப் பெருக்கச் சொன்னேன். முதலாவது சுமார் 2 கோடியே 2 லட்சம், இரண்டாவது சுமார் 1 கோடியே 22 லட்சம். பார்க்கப் பெரிய வித்தியாசம்தான். ஆனால் படத்தின் ஒரு கிடைவரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் 4288க்குப் பதில் 5184. அதாவது 21 விழுக்காடுதான் கூடுதல். மெகாபிக்சல் என்பது பரப்பின் கணக்கு. நுணுக்கம் நீளத்திலும் அகலத்திலும் இரு மடங்காக வேண்டுமானால் மெகாபிக்சல் நான்கு மடங்காக வேண்டும்.

நமக்கு எவ்வளவு தேவை என்பதையும் கணக்கிட்டோம். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 3508 × 2480, சுமார் 87 லட்சம் பிக்சல் போதும். முழு எச்டி திரைக்கு 1920 × 1080, ஏறத்தாழ 21 லட்சம். 2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் மாஸ்ட்கேம் கேமராக்களில் இருப்பது 1600 × 1200, அதாவது 2 மெகாபிக்சலுக்கும் குறைவு. செவ்வாயின் அகன்ற நிலக்காட்சிகள் அத்தகைய சிறு படங்களை ஒட்டி உருவாக்கப்பட்டவை. இதைச் சொன்னபோது வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிட்டது.

வாசலின் அளவைக் கேட்க வேண்டும்

புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் முதலில் வாசலைப் பார்ப்பார்கள். சின்ன வாசலில் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனால் இழை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கேமராவில் சென்சார்தான் வாசல். அதன் அளவை நான் கடையில் கேட்கவே இல்லை.

எங்கள் கேமராவின் பெட்டியில் 1/2.3 அங்குலம் என்று போட்டிருந்தது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால், 2.3ஆல் வகுத்தால் 11 மி.மீ. வருகிறது. ஆனால் இத்தகைய சென்சாரின் உண்மையான அளவு 6.17 × 4.55 மி.மீ. பிதாகரஸ் தேற்றத்தால் மூலைவிட்டம் கண்டால் சுமார் 7.7 மி.மீ.தான்! பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்லும் வழக்கம் இன்றும் தொடர்வதே காரணம். ஆகவே அங்குலப் பெயரை நம்பாமல், மில்லிமீட்டர் அளவைக் கேட்பதே சரி.

வழக்கத்தில் உள்ள சில அளவுகள் (மி.மீ.), பரப்புடன்:

• 1/2.3 அங்குல வகை: 6.17 × 4.55, சுமார் 28 ச.மி.மீ.
• 1 அங்குல வகை: 13.2 × 8.8, சுமார் 116 ச.மி.மீ.
• மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 17.3 × 13. சுமார் 225 ச.மி.மீ.
• ஏபிஎஸ்-சி: சுமார் 23.5 × 15.6, சுமார் 367 ச.மி.மீ.
• முழுச்சட்டகம்: 36 × 24, 864 ச.மி.மீ.

டி90 ஏபிஎஸ்-சி வகை. அதன் சென்சார் 23.6 × 15.8 மி.மீ., பரப்பு சுமார் 373 ச.மி.மீ. எங்களுடையதைப்போல் 13 மடங்கு! ஒரு பிக்சலின் அகலத்தையும் கணக்கிட்டோம். 23.6 மி.மீட்டரை 4288ஆல் வகுத்தால் 5.5 மைக்ரோமீட்டர். 6.17ஐ 5184ஆல் வகுத்தால் 1.2 மைக்ரோமீட்டர். பரப்பில் சுமார் 21 மடங்கு வித்தியாசம்.

பாசிப்பயறு சோதனை

பரப்பு குறைந்தால் படம் ஏன் கலங்க வேண்டும்? இதை வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டலாம். ஒரு சார்ட் தாளில் 40 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரைந்து, 4 செ.மீ. பக்கமுள்ள 100 கட்டங்களாகப் பிரியுங்கள். தடித்த கோட்டால் அதையே நான்கு பெரிய பகுதிகளாகவும் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் 25 சிறு கட்டங்கள் இருக்கும். பயறு துள்ளாமல் இருக்க ஒரு துணியை மடித்து விரித்து, அதன்மேல் தாளை வைத்து, 400 பாசிப்பயறை ஒரே சீராகத் தூவச் சொல்லுங்கள்.

சராசரியாக ஒரு சிறு கட்டத்தில் 4, ஒரு பெரிய பகுதியில் 100 பயறு விழ வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு குழுவுக்குப் பெரிய பகுதிகளில் 93, 108, 97, 102 என்று வந்தது. நான்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிறு கட்டங்களிலோ ஒன்றில் 8, பக்கத்திலேயே 1, ஓரிரண்டில் ஒன்றுமே இல்லை. தற்செயலாக விழும் பொருள்களின் இயல்பு இது. எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். 100க்கு 10, அதாவது 10 விழுக்காடு. 4க்கு 2, அதாவது 50 விழுக்காடு.

ஒளியும் ஃபோட்டான்களாக இப்படித்தான் வந்து விழுகிறது. வெயிலில் ஃபோட்டான்களுக்குப் பஞ்சமில்லை. எந்தக் கேமராவும் நன்றாக எடுக்கும். மங்கிய மேடையில்தான் சிறிய சென்சார் திணறுகிறது. ஒரே நிறமுள்ள சட்டைகூடப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். கேமரா ஐஎஸ்ஓ அளவைக் கூட்டிக் குறிப்பைப் பெருக்கும். அதனால் ஒளி கூடாது. மெல்லப் பேசும் பிள்ளைக்காக மைக்கின் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுவதைப் போன்றது அது. பிறகு கேமராவே அந்தப் புள்ளிகளைத் தேய்த்து மறைக்கப் பார்க்கும். அப்போது முகத்தின் நுணுக்கமும் தேய்ந்துவிடுகிறது. அக்காவின் படத்தில் நடந்தது இதுதான்.

இந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டும். 25 சிறு கட்டங்களைக் கூட்டினால் மீண்டும் 100ஐ ஒட்டிய எண் வருகிறதல்லவா? கைபேசிகள் இதைத்தான் செய்கின்றன. 48 மெகாபிக்சல் கைபேசி நான்கு நான்காகச் சேர்த்தும், 108 மெகாபிக்சல் கைபேசி ஒன்பது ஒன்பதாகச் சேர்த்தும் பெரும்பாலும் 12 மெகாபிக்சல் படமே தருகின்றன. எனவே சிறு பிக்சல் மட்டுமே குற்றவாளி அல்ல. ஆனால் சார்ட் தாளையே சிறிதாக வெட்டிவிட்டால் அதில் விழும் பயறே குறைவு. எப்படிக் கூட்டினாலும் 400 வராது. பிக்சல்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். விழாத ஒளியைச் சேர்க்க முடியாது. ஒப்பிடும்போது முதலில் மொத்தப் பரப்பைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

லென்சின்மேல் உள்ள எண்

லென்சின் எஃப் எண் என்பது குவியத் தொலைவை ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. அதனால் எண் சிறிதானால் துளை பெரிது. அண்ணன் பயன்படுத்தியது 50 மி.மீ., எஃப்/1.8 லென்சு, துளையின் விட்டம் சுமார் 28 மி.மீ. எங்கள் கேமராவில் எஃப்/3.5–6.3 என்று இரண்டு எண்கள் இருந்தன. ஜூம் செய்யாதபோது 3.5, முழுதாக ஜூம் செய்தால் 6.3. சென்சாரில் விழும் ஒளிச்செறிவு இந்த எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 6.3ஐ 1.8ஆல் வகுத்தால் 3.5, அதன் வர்க்கம் சுமார் 12.

துளையால் 12 மடங்கு, சென்சார் பரப்பால் 13 மடங்கு. இரண்டையும் பெருக்கினால், ஒரே நேர அளவு திறந்திருந்தால் அண்ணனின் கேமரா எங்களுடையதைவிட 150 மடங்குக்கும் மேல் ஒளியைச் சேர்த்திருக்கிறது. கேள்வி கேட்ட மாணவியே கரும்பலகையில் இந்தப் பெருக்கலைச் செய்தாள். நான் ஜூம் செய்யாமல் மேடைக்கு அருகில் போயிருந்தால், இதே கேமராவில் மும்மடங்கு ஒளி கிடைத்திருக்கும். செலவில்லாத அந்த வழியும் எனக்கு அன்று தெரியவில்லை.

வாங்குவதற்கு முன்

உங்கள் பள்ளியிலும் இப்படி ஒரு வாய்ப்பு வந்தால், இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

• சென்சாரின் நீளம், அகலம் எத்தனை மி.மீ.?
• லென்சின் எஃப் எண் என்ன? ஜூம் செய்தால் எவ்வளவு ஆகிறது?
• பெட்டியில் உள்ள ஜூம் ஆப்டிகலா, டிஜிட்டலா? டிஜிட்டல் ஜூம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான்.
• நாம் எங்கே எடுக்கப்போகிறோம்? மைதானத்திலா, மாலை மேடையிலா?
• கடைக்குள்ளேயே ஒரு மூலையின் நிழலில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாமா?

இவற்றுக்குப் பிறகு மெகாபிக்சலைக் கேளுங்கள். அதற்கும் பயன் உண்டு. குழுப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுக்கவும், பெரிய அளவில் அச்சிட்டு அருகில் வைத்துப் பார்க்கவும் அது உதவும். அதோடு, ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் கைபேசியையும் சோதியுங்கள். இன்றைய பல கைபேசிகளின் முதன்மைக் கேமராவில் 1/2.3 அங்குல வகையைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. எஃப் எண்ணும் 1.8 அளவில் இருக்கிறது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் வசதியும் உண்டு. புதிதாக வாங்கத் தேவையே இல்லாமலும் போகலாம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், நான் தேர்ந்தெடுத்த விதம் தவறு என்பதை எழுந்து சொன்னேன். கேமராவில் குறையில்லை. பகல் வெளிச்சத்தில் விளையாட்டு விழாவுக்கும், தூரத்து மரத்தில் இருக்கும் பறவையைப் பிள்ளைகள் ஜூம் செய்து எடுக்கவும் இன்றும் அதுதான் உதவுகிறது. எண்களை நான் வாசித்த விதத்தில்தான் குறை இருந்தது.

பொன்னாடைப் படத்தை அப்படியே அச்சிட்டுச் சட்டமிட்டு, அக்காவின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முகம் தெளிவாக இல்லை என்று நான் வருத்தப்பட்டேன். "என் மூஞ்சி எனக்குத் தெரியாதா சார்? புள்ளைங்க எல்லாம் சுத்தி நிக்குதுங்களே, அது போதும்" என்றார். அவர் பெருந்தன்மை அது. அடுத்த ஆண்டு விழாவுக்குப் படம் எடுக்கும் பொறுப்பை அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியின் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறோம். அவர்கள் கேட்ட முதல் வசதி புதிய கேமரா அல்ல. மேடைக்கு இன்னும் நான்கு விளக்குகள்.