காட்டுப்பன்றிக்கு எது வாங்கலாம்? துப்பாக்கி வேண்டாம்... சோலார் வேலிக் கருவியைப் பார்த்து வாங்குங்கள்!

மக்காச்சோளம் பால் பிடிக்கும்போதும், நிலக்கடலையில் காய் திரளும்போதும் தவறாமல் ஒரு கேள்வி வந்துவிடும். ‘பன்றியைச் சுட எந்தத் துப்பாக்கி நல்லது? அதில் பொருத்தும் தொலைநோக்கியில் எந்தக் கம்பெனி நம்பகமானது?’ அழகர்மலை, சிறுமலை, நாகமலை அடிவாரத்திலும் சாப்டூர் பக்கமும் விவசாயம் செய்பவர்களின் வயிற்றெரிச்சல் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஒரே இரவில் அரை ஏக்கர் கடலையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால், அந்தப் பணத்தைத் துப்பாக்கியிலோ தொலைநோக்கியிலோ போடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி காட்டுப்பன்றியை வேட்டையாடுவது குற்றம். மயிலைச் சுட்டால் குறைந்தது 3 ஆண்டு சிறை. கேரளாவில் 2022 முதல், உள்ளாட்சித் தலைவர் உத்தரவிட்டால் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் பன்றியைச் சுடலாம். இங்கே நடைமுறை வேறு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். விவசாயிக்கு அந்த அனுமதி இல்லை.

சட்டத்தை விடுங்கள், ஆபத்தைப் பாருங்கள். ரைபிள் குண்டு குறி தவறினால் 1 கி.மீ.க்கு அப்பாலும் போகும். மோட்டார் ரூமில் காவலுக்குப் படுத்திருப்பவரும், விடியற்காலையில் பால் கறக்கப் போகிறவரும் நம் சமவெளியில் எல்லாப் பக்கமும் உண்டு. தொலைநோக்கி பன்றியைப் பெரிதாகக் காட்டும். அதன் பின்னால் இருளில் நிற்கும் ஆளைக் காட்டாது. ஏர்கன் குண்டுக்கோ பன்றி சாகாது. அடிபட்ட பன்றி ஆள் மேல் பாயும்.

கரண்ட் கம்பியைத் தொடவே வேண்டாம்

சிலர் மின்கம்பத்திலிருந்தோ மோட்டார் இணைப்பிலிருந்தோ நேரடியாகக் கம்பி இழுக்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன, நிலத்துக்காரர் கைதானார். பன்றிக்கு வைத்த கம்பியில் பக்கத்துத் தோட்டக்காரரும், தண்ணீர் பாய்ச்சப் போன சொந்த மகனும் மாட்டிக்கொள்ளலாம். வீட்டு மின்சாரம் இடைவிடாமல் ஓடுவதால், பிடித்தவரின் தசை இறுகி, கையை எடுக்க முடியாது. சோலார் வேலியில் வருவது நொடிக்கு ஏறக்குறைய ஒரு துடிப்புதான். அதுவும் கண்சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. சுரீரென்று உதறும், உயிரை எடுக்காது. இந்தத் துடிப்பை உண்டாக்கும் எனர்ஜைசர்தான் வேலியின் இதயம். எனவே கம்பெனிகளை ஒப்பிடுவதாக இருந்தால் இதில் ஒப்பிடுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. தரக்குறியீடு உண்டா? ஐ.எஸ். 302-2-76 என்ற இந்தியத் தரநிலைப்படி தயாரானதா என்று கருவியின் மேலேயே பாருங்கள். உள்ளூரில் ஒட்டிக் கொடுக்கும் பெட்டி வேண்டாம்.

2. வெளியேறும் ஜூல் எவ்வளவு? விளம்பரத்தில் ‘10,000 வோல்ட்’ என்று பெரிதாகப் போடுவார்கள். கம்பி மாட்டாத கருவியில் அந்த அளவு எளிதாகக் காட்டும். அடியின் வலுவைச் சொல்வது ஜூல். அதிலும் சேமிக்கும் ஜூல் வேறு, வெளியேறும் ஜூல் வேறு. இரண்டாவது எப்போதும் குறைவு. இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது வெளியேறும் ஜூலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. கடைசிக் கம்பத்தில் எவ்வளவு வோல்ட்? முழு வேலியும் இணைத்த பிறகு, கருவியிலிருந்து அதிகத் தொலைவில் உள்ள கம்பத்தில் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 4,000 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. இதைக் காட்டிய பிறகே மீதிப் பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

4. பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? உதாரணத்துக்கு, கருவி 0.25 ஆம்பியர் இழுத்தால் 24 மணி நேரத்துக்கு 6 ஏ.எச். ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 3 நாள் வெயில் இல்லையென்றால் 18 ஏ.எச். வேண்டும். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே 36 ஏ.எச்.க்குக் குறையாத 12 வோல்ட் பேட்டரி, அதற்கு 40 வாட் பேனல் என்று கணக்கிடுங்கள்.

5. இடி விழுந்தால் யார் சரி செய்வார்? கோடை மழை இடியில்தான் இந்தக் கருவிகள் அதிகம் பழுதாகின்றன. இடிதாங்கும் அமைப்பு உண்டா, மதுரையிலேயே சர்வீஸ் உண்டா, பழுது பார்க்கும் வரை மாற்றுக் கருவி தருவார்களா என்று எழுதி வாங்குங்கள். பேட்டரிக்கு வாரண்டி தனி.

விலையை இப்படிப் பாருங்கள். ஒரு கருவி 8,000 ரூபாய், இன்னொன்று 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மலிவான கருவி காய் திரளும் நேரத்தில் பழுதாகி, சர்வீஸுக்கு வெளியூர் போய் ஒரு வாரம் கழித்து வந்தால், மிச்சம் பிடித்த 6,000 ரூபாய் அந்த வாரத்திலேயே போய்விடும்.

நல்ல கருவியும் தோற்கும் இடம்

பன்றி மூக்கால் முட்டித் தூக்கும் விலங்கு. முதல் கம்பி தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அடுத்தவை 40, 70 செ.மீ. என்று போகலாம். பள்ளமான இடத்தில் கம்பிக்கு அடியில் இடைவெளி விடாதீர்கள்.

எர்த் சரியில்லையென்றால் எந்தக் கம்பெனிக் கருவியும் வேலை செய்யாது. கம்பியைத் தொட்ட பன்றியின் உடல் வழியாக மண்ணுக்குள் போய், எர்த் கம்பி மூலம் கருவிக்குத் திரும்பினால்தான் அடி விழும். நம் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் சித்திரையில் காய்ந்து கிடக்கும். எர்த் கம்பி மூன்றை 3 மீட்டர் இடைவெளியில் ஆழமாக இறக்கி, கரியும் உப்பும் இட்டு, வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். கம்பியைத் தொடும் புல், கொடிகளை அவ்வப்போது வெட்டுங்கள். அவை வழியாக மின்சாரம் கசியும்.

அனுமதியும் மானியமும்

தமிழ்நாடு மின்வேலி விதிகள் 2023-ன்படி, காப்புக்காட்டிலிருந்து 5 கி.மீ.க்குள் வேலி அமைக்க வனத்துறை அனுமதி வேண்டும். ஏற்கெனவே உள்ள வேலியையும் பதிவு செய்ய வேண்டும். மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் இந்த ஆண்டு நிதி நிலவரத்தைக் கேளுங்கள். மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே வேலி போட்டுவிடாதீர்கள். பயிர் சேதமானால், கிளறிய நிலத்தைச் சீர்செய்வதற்கு முன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள்.

வேலி போட்டும் பன்றி நுழைகிறது என்றால், முதல் கம்பியின் உயரம், எர்த் கம்பிகளின் எண்ணிக்கை, கடைசிக் கம்பத்து வோல்ட் அளவு ஆகிய மூன்றையும் குறித்து நமது கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். கோளாறு எங்கே என்று பார்த்துச் சொல்கிறோம்.