பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் பண்ணப் போறீங்களா? முதல்ல பழைய கார்டை என்ன செய்யப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

"உங்க கார்டு பாக்கியை எங்க கார்டுக்கு மாத்திக்கோங்க சார், வட்டி ரொம்பக் கம்மி." இப்படி ஒரு போன் கால் உங்களுக்கும் வந்திருக்கும். ஒரு பேங்க் கார்டுல நீங்க வச்சிருக்கிற கடனை இன்னொரு பேங்க் அடைச்சிடும்; இனி நீங்க அந்த ரெண்டாவது பேங்குக்குக் கட்டணும். இதுதான் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர். கடன் ஒரு ரூபாய்கூட குறையாது, வட்டி மட்டும்தான் குறையும்.

ஆனா அந்த வட்டி வித்தியாசம் சின்னது இல்லை. இந்தியாவுல கிரெடிட் கார்டு வட்டி பெரும்பாலும் மாசம் 3 முதல் 3.75%, அதாவது வருஷத்துக்கு 36 முதல் 45%. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி வேற. வருஷத்துக்கு 30%க்கு மேல வட்டி வாங்கக்கூடாதுன்னு 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை, 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. அதனால யாராவது வந்து குறைப்பாங்கன்னு காத்திருக்க வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார்டுல 80,000 ரூபாய் பாக்கி, வட்டி மாசம் 3.5%. முதல் மாச வட்டி 2,800, ஜிஎஸ்டி 504, மொத்தம் 3,304. நீங்க மினிமம் டியூ மாதிரி 4,000 கட்டுறீங்கன்னு வைங்க. அசல்ல குறையுறது வெறும் 696 ரூபாய். அதோட, பழைய பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா வாங்குற பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. மளிகை வாங்கினாக்கூட தேய்ச்ச நாள்லேருந்து வட்டி ஓடும்.

இந்த 80,000-ஐ பழைய கார்டுலயே 12 மாசத்துல அடைக்கணும்னா மாசம் சுமார் 8,590 கட்டணும். வட்டியும் ஜிஎஸ்டியும் மட்டும் ஏறக்குறைய 23,000 ஆகும். இதையே மாசம் 1.5% வட்டி, 12 மாச இஎம்ஐ, 2% பிராசஸிங் கட்டணம்னு ஒரு ஆஃபர்ல மாத்துனா, வட்டி, கட்டணம், ரெண்டுக்கும் ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து சுமார் 11,350 ரூபாய்தான். பாதிக்குப் பாதி மிச்சம். கட்டணம் தனியா ஏறும். அதுக்கும் ஜிஎஸ்டி உண்டு, அதை மறந்துடாதீங்க.

போன்ல பேசுறவர் "மாசம் 1%தான் சார்"னு சொன்னா, ஃபிளாட்டா, குறையும் பாக்கி மேலயான்னு கேளுங்க. ஃபிளாட்னா 12 மாச இஎம்ஐ-க்கு அது உண்மையில வருஷத்துக்கு 21%க்கு மேல. "மூணு மாசம் 0%"னு வர்ற ஆஃபரும் அப்படித்தான். நாலாவது மாசம் மிச்சம் இருக்கிற பாக்கிக்கு வழக்கமான கார்டு வட்டி திரும்பிடும். மூணு மாசத்துல 80,000-ஐ அடைக்க உங்க சம்பளத்துல இடம் இருக்கா? இல்லைன்னா 12 மாசம் 1.5% உங்களுக்கு அதைவிட நல்லது. கையில 35,000 வர்றவங்க, வாடகையும் வீட்டுக்கு அனுப்புற பணமும் போக எவ்வளவு மிஞ்சுதுன்னு எழுதிப் பார்த்துட்டு காலத்தைத் தேர்ந்தெடுங்க. அந்த இஎம்ஐ தாங்காதுன்னு தெரிஞ்சா இப்பவே விட்டுடுங்க. பர்சனல் லோனோ, வீட்டுல சம்மதிச்சா நகைக் கடனோ அதைவிட நீண்ட காலம் கொடுக்கும்.

சில கடைகள்ல கார்டைத் தேய்ச்சுட்டு கமிஷன் எடுத்துக்கிட்டு காசு தருவாங்க, அதை வச்சு இன்னொரு கார்டு பில்லைக் கட்டுவாங்க. அது பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் இல்லை. கார்டு விதிக்கு எதிரானது. பேங்க் கண்டுபிடிச்சா கார்டையே நிறுத்திடலாம்.

இப்போ தலைப்புக்கு வருவோம். டிரான்ஸ்ஃபர் முடிஞ்சதும் பழைய கார்டு ஆப்பைத் திறந்தா, 'கிடைக்கும் லிமிட்'டுல 80,000 பளிச்சுனு நிக்கும். கடன் தீர்ந்துட்ட மாதிரியே இருக்கும். அடுத்த மாசம் போன், அதுக்கடுத்து தீபாவளி டிரெஸ். ஆறு மாசத்துல புது கார்டுல இஎம்ஐ, பழைய கார்டுல மறுபடியும் பாக்கி, ரெண்டு கடன். கடன் மாத்தினவங்க மாட்டிக்கிற இடம் பெரும்பாலும் வட்டி இல்லைங்க, இதுதான்.

அதனால மாத்தின அதே வாரம் பழைய கார்டோட லிமிட்டைக் குறைக்கச் சொல்லுங்க. நிறைய பேங்க் ஆப்லயே வசதி இருக்கு. ஷாப்பிங், சாப்பாட்டு ஆப்கள்ல சேமிச்சு வச்ச கார்டை நீக்குங்க, ஆன்லைன் பரிவர்த்தனையை ஆஃப் பண்ணுங்க. புது கார்டுலயும் எதுவும் வாங்காதீங்க. டிரான்ஸ்ஃபர் பாக்கி இருக்கும்போது புது செலவுக்கு வட்டியில்லா நாட்கள் இருக்கான்னு விதிமுறையில பார்க்காம தேய்க்கவே கூடாது. ஒரு வருஷத்துக்கு டெபிட் கார்டும் யுபிஐ-யும் போதும்.

பழைய கார்டை உடனே மூடவும் வேண்டாம். பில் தேதிக்கும் பணம் போய்ச் சேர்ந்த நாளுக்கும் நடுவுல ஓடின வட்டி அடுத்த ஸ்டேட்மெண்ட்ல சில நூறு ரூபாயா வரும். "எல்லாம் அடைச்சாச்சே"ன்னு அதைப் பார்க்காம விட்டா, லேட் ஃபீஸும் சேரும், சிபில்லயும் பதிவாகும். ரெண்டு ஸ்டேட்மெண்ட் பூஜ்யம்னு வந்த பிறகு மூடுறதைப் பத்தி யோசிங்க.