மழைக்கு ஒரு சிறகு, வெயிலுக்கு ஒரு சிறகு

உங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு ஒன்றைக் கண்டு, அருவருப்புடன் நசுக்கி எறிந்ததுண்டா? கரிய சிறகில் வெண்புள்ளி வரிசை கொண்ட ஓர் அழகிய வண்ணத்துப்பூச்சியையே நீங்கள் அன்று இழந்திருக்கக் கூடும்.

வளர்ந்த வண்ணத்துப்பூச்சி பற்பல மலர்களில் தேன் பருகும். அதன் புழுவோ தனக்குரிய சில செடிகளின் இலைகளையன்றி வேறெதையும் உண்ணாது. பட்டினி கிடந்து மடியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் 330-க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் வாழ்வதற்குரிய காரணங்களுள் அங்குள்ள செடிகொடிகளின் பெருக்கமே முதன்மையானது. 2019-ஆம் ஆண்டு தமிழக அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த 'தமிழ் மறவன்' இனத்தின் புழு, நீரடிமுத்து மரத்தின் இலையை நாடுகிறது. ஒரு காலத்தில் தொழுநோய்க்கு மருந்தாக எண்ணெய் தந்த அதே மரந்தான்!

இடத்தைப் போலவே பருவமும் இவற்றை ஆள்கிறது. அந்தி நேரத்தில் வீட்டு விளக்கை நாடி வரும் பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் பிறக்கும் தலைமுறையின் சிறகடியில் கண் போன்ற வட்டங்கள் தெளிவாகத் தெரியும். கொத்த வரும் பறவை உடலை விட்டுச் சிறகோரத்து வட்டத்தைக் கொத்தினால், சிறகின் ஒரு துண்டோடு உயிர் தப்பிவிடலாம். கோடைத் தலைமுறைக்கோ அவ்வட்டங்கள் மங்கி மறைந்துவிடும். சிறகு காய்ந்த சருகே போலிருக்கும். தரையெல்லாம் சருகு உதிர்ந்து கிடக்கும் காலத்தில் அசையாதிருப்பதே அதற்குப் பாதுகாப்பு. இரண்டும் ஒரே இனம் என்றால் நம்புவது கடினந்தான். புழுப் பருவத்தில் நிலவும் வெப்பநிலை, எந்த உடை வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானித்து விடுகிறது.

உடை மாற்றாமல் ஊரையே மாற்றிக்கொள்ளும் இனங்களும் உள்ளன. கருநீலச் சிறகில் வெளிர்நீலக் கோடுகள் கொண்டவையும், அவற்றின் உறவினவான பழுப்பு நிறத்தவையும், தென்மேற்குப் பருவமழையின் கடுமைக்கு முன்பே மலைகளை விட்டுக் கிழக்கே சமவெளி நோக்கிப் பெருங்கூட்டமாய்ப் பறக்கின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மீண்டும் மேற்கு நோக்கிய பயணம். திரும்பிச் செல்பவை பெரும்பாலும் வந்தவற்றின் பிள்ளைகளே. வழிகாட்ட மூத்தவர் எவருமின்றி அவை செல்கின்றன.

இவ்வாறு இடம்பெயர வழியில்லாத இனங்களை எண்ணும்போதுதான் கவலை பிறக்கிறது. நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளில் மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று வாழ்கிறது. குளிர்ந்த மலைமுகடுகளே அதன் உலகம். கீழே இறங்கினால் வெப்பம், மேலே ஏற இடமில்லை. அந்தப் புல்வெளிகளை வெறும் தரிசு என்று கருதி, ஆங்கிலேயர் காலந்தொட்டுச் சீகை, தைலம், பைன் மரங்களை நட்டுவிட்டனர். தொலைவிலிருந்து நோக்கினால் மலை முன்னிலும் பசுமையாகவே தோன்றும். சுற்றுலா செல்லும் நாமும் 'எவ்வளவு அடர்ந்த காடு!' என்று வியந்து திரும்புகிறோம். அம்மரங்களின் நிழலில் பழைய புல்லும் இல்லை. அப்புல்வெளிச் செடிகளில் முட்டையிட்டு வந்த மஞ்சள் சிறகுகளும் இல்லை.