தென்பெண்ணையின் அடிமண்ணில் யார் குடியிருக்கிறார்கள்?

ஆற்று நீரின் தரம் அறிய பாட்டிலில் மொண்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம். மொண்ட நேரத்தில் நீர் எப்படி இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். முந்தைய இரவு யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தால், அது பாட்டிலுக்குத் தப்பி ஓடியிருக்கும். அடிமண்ணில் கிடக்கும் புழு பூச்சிகளுக்கு அந்த வசதி கிடையாது. மாதக்கணக்கில், வந்த நீரையெல்லாம் தாங்கியாக வேண்டும். தாங்காதவை செத்துப்போகும்.

எஞ்சியவற்றைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். முழங்கால் ஆழத்தில் இறங்கி, நீரோட்டம் நுழையும்படி கைவலையைப் பிடித்துக்கொண்டு, அதன் முன்னால் மணலைக் காலால் கிளற வேண்டும். விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, கொஞ்சம் நீர்விட்டுக் காத்திருந்தால் குப்பைக்குள் அசைவு தெரியும். மேஃப்ளையின் இளம்பூச்சி வயிற்றோரச் செவுள்களை விசிறிக்கொண்டிருக்கும். தட்டானின் இளம்பூச்சி, மடித்து வைத்திருந்த கீழுதட்டைச் சட்டென நீட்டி இரையைக் கவ்வும். சிவப்பாக நெளிவது ரத்தப்புழு. நம் ரத்தத்தில் இருப்பதுபோல் அதன் உடம்பிலும் ஹீமோகுளோபின் உண்டு. பிராணவாயு குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். தட்டில் அது மட்டுமே நெளிந்தால் ஆறு நோயாளி.

இதை மதிப்பெண்ணாக்கியது 1970-களின் பிரிட்டன். மாசைத் தாங்காதவற்றுக்கு அதிகம் என்ற கணக்கில், ஒவ்வொரு உயிரினக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை. மேஃப்ளையில் சில குடும்பங்களுக்கு 10, நத்தைகள் பலவற்றுக்கு 3, ரத்தப்புழுவுக்கு 2, சேற்றுப்புழுவுக்கு 1. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நெதர்லாந்து நிபுணர்களோடு யமுனையில் சோதித்து, இந்தியாவுக்கென ஐந்து தரநிலைகளை வகுத்தது.

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பிரிட்டனின் பட்டியலில் தட்டானுக்கு 8. நம்மூர்ச் சாக்கடைக் குட்டையில்கூடத் தட்டான் முட்டையிடுகிறதே! தமிழ்நாட்டில் மதுரை கே.ஜி. சிவராமகிருஷ்ணன் போன்றோர் நீர்ப்பூச்சிகளை விரிவாக ஆராய்ந்தது மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில். நம் தென்பெண்ணை ஆறும் சங்கராபரணி ஆறும் அப்படிப்பட்டவை அல்ல. வருடத்தில் பல மாதம் வெறும் மணல்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அப்படியொரு வெள்ளம் அடிமண்ணையே புரட்டிப்போட்டுவிடும். அதற்கடுத்த வாரம் வலை போட்டு ஒன்றும் சிக்கவில்லை என்றால், மாசு என்று எழுதிவிடக் கூடாது. மணல் அள்ளிய பள்ளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அங்கே போனது நீரின் தரமல்ல, குடியிருந்த வீடு.

ஆகவே நமக்கு வேண்டியது நம் மணலாறுகளுக்கான பட்டியல். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து ஓடும் ஜனவரி, பிப்ரவரியே அதற்குத் தோதான காலம். விழுப்புரம் மாணவர்கள் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டுப் பக்கமும், திண்டிவனம் மாணவர்கள் வீடூர் அணைக்குக் கீழேயும், ஆண்டுதோறும் அதே இடத்தில் வலை போட்டு எழுதி வைக்கட்டும். விலங்கியல் ஆசிரியர்களே, இந்தத் தை மாதமே தொடங்குங்கள்.