தூண்டில் இரையும் ஒரு பக்கெட் கடலும்

சூதாட்டத்தின் கேட்டைச் சொல்ல வந்த வள்ளுவர், 931ஆம் குறளில் தூண்டிலை விழுங்கும் மீனை உவமையாக்கினார். ஆக, தூண்டிலும் இரையும் தமிழனுக்குப் புதியவை அல்ல. ஆனால் அந்த இரையை வாஷியில் ஒரு நாலாவது மாடி ஃபிளாட்டில் ஒரு ராத்திரி உயிரோடு வைத்திருப்பது நமக்குப் புதிய பாடம்தான். அந்தப் பாடத்தை நான் நாற்பது இறால்களைக் கொன்று படித்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் அதிகாலை கழியில் தூண்டில் போடத் திட்டம். கோளி மீனவர் ஒருவரிடம் உயிர் இறால் நாற்பது வாங்கி வந்தேன். பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் பிடித்து, சமையலறை உப்பு ஒரு கை போட்டு, பசிக்குமே என்று சோறும் தூவி, மூடி வைத்துப் படுத்துவிட்டேன். விடியும்போது பார்த்தால் எல்லாம் வெளுத்துச் செத்துக் கிடந்தன. வீடு முழுக்க நாற்றம். மனைவி பேசியதை இங்கே எழுத முடியாது. மணப்பாட்டில் இருக்கும் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "ஏலே, ஒரு ராத்திரியில பசியில எது சாவும்? மூச்சு முட்டில்லா செத்திருக்கும்!" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். நான் செய்த தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தவறு: காற்று

மீனும் இறாலும் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கின்றன. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 7.4 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 6.2 மட்டுமே. அதே பத்து டிகிரி ஏற்றத்தில் அந்த உயிர்களின் ஆக்சிஜன் தேவையோ ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. நம் மே மாதக் குடும்பக் கணக்கு மாதிரிதான்!

ஆகவே மூடியைத் திறந்து, வலைத்துணி கட்டுங்கள். உயரமான குறுகிய பாத்திரத்தைவிட வாயகன்ற டப் நல்லது; காற்றோடு உரசும் பரப்பு அதில் அதிகம். மீன் தொட்டிக்கு விற்கும் சிறிய ஏர் பம்ப் ஒன்று போதும். கரண்ட் போகும் பகுதி என்றால் பேட்டரியில் ஓடுவதாக வாங்குங்கள். ஒரு பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, மூடியை இறுக்கித் தொட்டியில் மிதக்க விடலாம். ஐஸை நேரடியாகப் போடக் கூடாது. உருகிய நல்ல தண்ணீர் உப்பைக் குறைத்துவிடும். குளிர்ச்சியும் மெதுவாகத்தான் ஏற வேண்டும்.

இரண்டாவது தவறு: தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் கிருமி போகச் சேர்க்கும் குளோரின், மீனின் செவுளை அரித்துவிடும். அடுத்தது உப்பு. திறந்த கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அது வெறும் சாப்பாட்டு உப்பு அல்ல. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் அதில் சேர்த்தி. வாஷிக் கழியிலோ மழைக்காலத்தில் உப்பு வெகுவாகக் குறையும், கோடையில் ஏறும். இதை வீட்டில் கைக்கணக்கில் கலக்க முடியாது. இரை எங்கே பிடிபட்டதோ, அந்தத் தண்ணீரையே இரண்டு கேனில் கொண்டுவருவதுதான் வழி. ஒன்று தொட்டிக்கு, மற்றொன்று பாதி ராத்திரியில் மாற்றுவதற்கு.

மூன்றாவது தவறு: சோறு

மீனும் இறாலும் தங்கள் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகின்றன. கடலில் அது கரைந்து போகும். பக்கெட்டில் எங்கே போகும்? தின்னத் தின்னக் கழிவு கூடும், தின்னாத சோறு அழுகி மிச்ச ஆக்சிஜனையும் குடிக்கும். ஓரிரு நாள் பட்டினியால் இரை சாகாது. செத்த ஒன்றை உடனே எடுக்காவிட்டால்தான் மற்றவையும் சாகும்.

இரைக்கு இரை வேறுபாடு

இறாலுக்கு இன்னொரு வழியும் உண்டு. செவுள் ஈரமாக இருந்தால் தண்ணீருக்கு வெளியேயும் சில மணி நேரம் தாங்கும். ஜப்பானியர் ஒருவகை இறாலைக் குளிரூட்டிய மரத்தூளில் பொதிந்து உயிரோடு சந்தைக்கு அனுப்புகிறார்கள். நாம் கடல்நீரில் நனைத்துப் பிழிந்த சாக்கில் சுற்றி, நிழலில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோகலாம்.

சேற்றில் துள்ளும் உளுவையை (மராத்தியில் நிவ்டி) தண்ணீர் நிறைந்த பக்கெட்டில் போட்டு அமுக்கினால் அதற்கே மூச்சு முட்டும். ஈரத்தோல் வழியாகவும் காற்றை எடுக்கும் பிராணி அது. கொஞ்சம் தண்ணீரும், ஏறி உட்கார ஈரச் சேறும் போதும். கடற்புழுவை ஈர மணலில், ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரப்ப வேண்டும். அறுபட்ட புழுவைத் தனியே எடுத்துவிடுங்கள்.

மினிக்காய் சொல்லும் பாடம்

இக்கலையில் நம் நாட்டின் ஆசான்கள் லட்சத்தீவின் மினிக்காய் மீனவர்கள். சூரை மீன் கூட்டத்தைக் கண்டதும் உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் அள்ளி வீசுவார்கள். சூரை வெறிகொண்டு மொய்க்கும்போது, இரையே கோக்காத வெறும் முள்ளால் கம்புத் தூண்டிலில் தூக்கிப் போடுவார்கள். அந்தச் சிறு மீன்களுக்காகப் படகின் அடியில் ஒரு தொட்டி, அதன் தரையில் துளைகள். படகு ஓட ஓடப் புதுக் கடல்நீர் உள்ளே வந்து பழையது வெளியேறும். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. இந்த முறையை மண்டபத்தில் இயங்கிவந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஜோன்ஸ் 1958லேயே ஆராய்ந்து எழுதினார். இரையைக் காப்பது என்றால் தண்ணீரைக் காப்பது என்பதே அங்கும் பாடம்.

அளவு

இப்போதெல்லாம் இருபது லிட்டர் டப்பில் பன்னிரண்டு இறாலுக்கு மேல் வைப்பதில்லை. நாற்பதும் செத்த இடத்தில் பன்னிரண்டில் பதினொன்றாவது விடியலைப் பார்க்கிறது. மிஞ்சியதைப் பிடித்த கழியிலேயே விடுகிறேன். வேறு ஊர் இரையையோ, அது வந்த தண்ணீரையோ இங்கே கொட்டுவதில்லை. நோயும் அந்நிய உயிரும் அப்படித்தான் பரவும்.

புழுவுக்காக அலையாத்திச் சேற்றைத் தோண்டுவதையும் விட்டுவிட்டேன். தானே கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமானது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தச் சேற்றுப் புழுவை நம்பித்தான் எத்தனையோ கரைப்பறவைகள் வருகின்றன. பிழைப்புத் தேடி இந்தக் கரைக்கு வந்த நமக்கு அவற்றின் பாடு தெரியாதா?

போன மாதம் பெரியப்பாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். "இப்பதாம்லே நீ கடக்கரைக்காரன்" என்றார்.