தொய்வு நோயில் நிர்ப்பீடனக் கலங்களும் சுவாசக்குழாய்த் தசையும்

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்த விசுவமடு, வயலும் தோட்டமும் சூழ்ந்த குடியேற்றக் கிராமமாகும். மாசி, பங்குனி மாதங்களிற் காலபோக அறுவடை நடைபெறும்போது பதரும் வைக்கோல் துகளும் எங்கும் பறப்பதுண்டு. அத்தூசியைச் சுவாசிப்போர் பலருள் ஒருசிலர்க்கே மூச்சு முட்டி நெஞ்சு இரைகின்றது. காரணம் யாது? தூசி எல்லார்க்கும் ஒன்றே. அதனை எதிர்கொள்ளும் உடலே வேறுபடுகின்றது. நம்மவர் தொய்வு என வழங்கும் ஆஸ்துமா நோயை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாட்டினை ஆராய்தல் வேண்டும்.

சுவாசக் குழாய்களின் சுவரில் மழமழப்பான தசைநார்கள் வளையமாகச் சூழ்ந்துள்ளன. அவை சுருங்கின் குழாய் ஒடுங்கும். ஆயினும் ஒவ்வாமைவழித் தொய்வில் தசையைச் சுருங்குமாறு ஏவுவன நிர்ப்பீடனக் கலங்களேயாம்.

ஒவ்வாமையுடையோரின் உடல், தூசியிலுள்ள சில புரதங்களைப் பகையெனக் கொண்டு ஐ.ஜீ.ஈ. என்னும் பிறபொருளெதிரியை ஆக்குகின்றது. 1966இல் இஷிசாக்கா தம்பதியர் இனங்கண்ட இப்பொருள், மாஸ்ற் கலங்களின் மேற்பரப்பிற் பற்றிக்கொள்ளும். அதே தூசி மீண்டும் புகுந்ததும் அக்கலங்கள் ஹிஸ்ரமீன், லியூக்கோத்திரயீன் முதலியவற்றைச் சில நிமிடங்களிற் சொரிகின்றன, தசை சுருங்குகின்றது. சில மணித்தியாலங்களின் பின்னர் இயோசினோபில் கலங்கள் திரண்டு அழற்சியை நீடிக்கச் செய்யும். ரீ கலங்கள் முதலியன சுரக்கும் இன்ரலூக்கின்-13, சிறு தூண்டலுக்கும் மிகையாகச் சுருங்கும் தன்மையைத் தசைக்கு அளிக்கின்றது.

இங்கிலாந்தின் லெஸ்ரர் நகர ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு கருதத்தக்கது. தொய்வாளரையும், தொய்வின்றி இயோசினோபில் அழற்சியால் இருமல் மட்டுமுடையோரையும் அவர்கள் ஒப்பிட்டனர். இருசாராரிடத்தும் இயோசினோபில் கலங்கள் ஏறத்தாழ ஒத்திருந்தன. ஆனால் தசையினுள்ளே மாஸ்ற் கலங்கள் மிகுதியாக ஊடுருவியிருந்தமை தொய்வாளரிடத்தே காணப்பட்டது. எனவே எக்கலம் உள்ளது என்பது மட்டுமன்றி, அஃது எங்குள்ளது என்பதும் முதன்மை பெறுகின்றது.

இவ்வுண்மை சிகிச்சைக்கும் வழிகாட்டும். சல்பியூற்றமோல் தசையைத் தளர்த்துமேயன்றி அழற்சியைத் தணிக்காது. உள்ளிழுக்கும் ஸ்ரெறோயிட்டு உடனே இதந்தராவிடினும் அழற்சியைத் தணிக்கும். இதனாலேயே வளர்ந்தோரும் கட்டிளைஞரும் சல்பியூற்றமோலை மட்டும் நம்பியிருத்தலாகாது என 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டிகள் வலியுறுத்துகின்றன.

அறுவடை முடிந்து மூச்சு இலகுவானதும் மருந்தைக் கைவிடுவோர், தசை தளர்ந்தமையையே நோய் தீர்ந்தமையாகக் கொள்கின்றனர். கலங்களோ அடுத்த போகத்தின் தூசியை எதிர்நோக்கித் தசையினுள்ளே தங்கியிருக்கக்கூடும். ஆதலின் மருத்துவரின் ஆலோசனையின்றி அம்மருந்தை நிறுத்துதல் கூடாது.