துருவுக்குள் எவ்வளவு இரும்பு?

அமெரிக்காவின் மிச்சிகன், ஒகையோ போன்ற வட மாநிலங்களில் பண்ணை வீடுகளின் பின்புறம் போய்ப் பார்த்தால், புல் மண்டிய ஒரு மூலையில் பழைய டிரெய்லர் ஒன்று கிடப்பது அரிய காட்சியன்று. ஒரு காலத்தில் படகையோ விறகையோ சுமந்து காரின் பின்னால் ஓடிய வண்டி அது. மேல்தளப் பலகை மக்கிப் போயிருக்கும். டயர்களில் காற்று இராது. எஞ்சியிருப்பது செம்பழுப்பு நிறத்தில் ஓர் இரும்புச் சட்டம் மட்டுமே. அதை மலிவாக வாங்கி வந்து, துருவை நீக்கி, அதன்மேல் ஒட்டுப்பலகையால் இருவர் படுக்கும் அளவுக்கு ஒரு சிற்றறை கட்டி, விடுமுறை நாட்களில் காட்டுக்கும் மலைக்கும் இழுத்துச் செல்வது அந்நாட்டில் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. கேம்ப்பர் என்று அதைச் சொல்கிறார்கள். 1930-களிலேயே கண்ணீர்த்துளி வடிவத்தில் இத்தகைய சிறு வண்டிகள் அங்கு ஓடின. 1947-ல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற இதழ், வீட்டிலேயே அதைச் செய்வதற்கான வரைபடத்தை வெளியிட்டது.

மரவேலை தெரிந்த எவரும் மேலே உள்ள அறையைக் கட்டிவிடலாம். பலகை கோணலாக இருந்தால் கண்ணுக்கு அழகு குறையும், அவ்வளவுதான். அடியில் இருக்கும் சட்டத்தின் கதை வேறு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அது முறிந்தால், பின்னால் வரும் காரில் இருப்பவர்களும் தப்புவது கடினம். ஆகவே முதற்கேள்வி இதுதான்: இந்தத் துருவுக்குள் இன்னும் எவ்வளவு இரும்பு இருக்கிறது?

துளியின் நடுவே நடப்பது

இதற்கு விடை காண, துரு எங்கே பிடிக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். காற்று நன்றாகப் படும் இடத்தில்தான் இரும்பு அதிகமாக அரிக்கப்படும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை ஏறக்குறைய நேர்மாறானது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யு. ஆர். எவான்ஸ் 1920-களில் செய்து காட்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. நன்கு தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்பு நீரை விடுங்கள். அந்நீரில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஃபினால்ஃப்தலீனும் சிறிது கலந்திருக்கட்டும். சற்று நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் மாறும். நீலம், இரும்பு கரைகிறது என்பதன் அடையாளம். இளஞ்சிவப்பு, அங்கே காரம் உண்டாகிறது என்பதன் அடையாளம்.

நடப்பது என்ன? துளியின் விளிம்பில் நீர்ப்படலம் மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் உள்ளே புகும். நடுவில் ஆக்சிஜன் குறைவு. நடுவிலுள்ள இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாக நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்புக்குச் சென்று, ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்குகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில், மேலும் ஆக்சிஜன் ஏற்று, பழுப்பு நிறத் துரு படிகிறது. சுருங்கச் சொன்னால், துளி ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்கலம். காற்றைப் பெறும் இடம் ஒன்று. கரைந்து போகும் இடம் மற்றொன்று. துருவாகப் படியும் இடம் மூன்றாவது.

உப்பு இந்த மின்கலத்துக்குப் பெருந்துணை. நீரின் மின்கடத்தும் திறனை அது கூட்டுகிறது. இரும்பின்மேல் உருவாகும் காப்புப் படலத்தையும் குளோரைடு அயனி உடைத்துவிடுகிறது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். சில இடங்களில் மக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு கரைசல்களையும் தெளிக்கிறார்கள். இவை காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்பவை. மழை இல்லாத நாளிலும் வண்டியின் அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும். அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்தில் முப்பது ஆண்டு கிடந்த சட்டம், மிச்சிகனில் பத்தாண்டு ஓடிய சட்டத்தைவிட நன்றாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

சட்டத்தை ஆராய்தல்

இப்போது துளியை மறந்து சட்டத்துக்கு வாருங்கள். காற்றுப் படாத 'நடுப்பகுதி' இங்கே எது? இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திய இடுக்கு. சட்டத்தோடு வில் தகடுகளைப் பிணைக்கும் தாங்கிகளின் பின்புறம். விளக்குக் கம்பிகளைக் கட்டிய பட்டையின் அடி. எல்லாவற்றுக்கும் மேலாகச் சதுரக் குழாய்களின் உட்புறம். நீர் உள்ளே போகும், வெளியே வராது. வெளிப்பக்கம் பெயிண்ட் பளபளக்க, உட்பக்கம் தாள்போல மெலிந்திருக்கும் குழாய்கள் உண்டு. புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிறுத்திய பழைய சட்டத்தைவிட, மேனி முழுவதும் துருவோடு நிற்கும் சட்டத்தையே நான் நம்புவேன். அது எதையும் மறைக்கவில்லை.

துருவின் பருமனைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். கரைந்த இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தைத் துரு அடைத்துக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் செதிலாக உரிந்து வருவது, ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான இரும்பு போனதன் அடையாளமாக இருக்கலாம். ஆனால் இந்த வீக்கம் இடுக்குகளில் நேரும்போது தகடுகளை நெம்பிப் பிரிக்கும். இடையிலுள்ள போல்ட்டையே அறுத்துவிடவும் கூடும். தட்டையாக இருக்க வேண்டிய இணைப்பு உப்பிக் காணப்பட்டால், அங்கே கை வைத்துப் பாருங்கள்.

சோதிக்கச் சுத்தியலும் குத்தூசியும் போதும். குழாயின் நீளத்துக்கும் இலேசாகத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். கெட்டியான இரும்பு கணீரென ஒலிக்கும். மெலிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தில் குத்தூசியை அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டியதுதான். இன்னும் துல்லியம் வேண்டுவோர் மீயொலித் தடிப்புமானியைப் பயன்படுத்தலாம். எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் செல்கிறது. மூன்று மில்லிமீட்டர் சுவரில் ஒலி போய்த் திரும்ப, நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தை அளந்து சுவரின் கனத்தைக் கருவி சொல்லிவிடுகிறது. குழாயின் உட்புறத்தைக் காணவே வேண்டாம்.

மூன்று மில்லிமீட்டர் சுவரில் ஒன்று சீராகக் குறைந்திருந்தால், தாங்கும் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சிறு கேம்ப்பருக்கு அதுவும் போதுமானதாக இருக்கலாம். சீரற்ற குழிகள்தாம் ஆபத்து. சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் சட்டம் வளைந்து நிமிர்கிறது. இலட்சக்கணக்கான முறை இப்படி நிகழும்போது, குழியின் அடியிலோ வெல்டிங்கின் ஓரத்திலோ மயிரிழை போன்ற விரிசல் தோன்றி வளரும். உலோகச் சோர்வு எனப்படுவது இது. உலர்ந்த காற்றில் எஃகுக்கு ஓர் எல்லை உண்டு; அதற்குக் குறைந்த விசையை எத்தனை முறை கொடுத்தாலும் முறியாது. அரிப்பும் சேர்ந்துகொண்டால் அந்த எல்லை இல்லாமற் போகிறது. வண்டியின் முன்னே நீளும் ஏர்க்கால், சட்டத்தின் முதல் குறுக்குக் கம்பியைச் சந்திக்கும் இடத்தை மிகக் கவனமாகப் பாருங்கள். முறிவுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. அங்கே விரிசல் கண்டால், மேலே ஒரு தகட்டை ஒட்டி மூடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏர்க்காலையே புதிதாகப் போடுவது நல்லது.

முதுகெலும்பு கோணியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்தால் போதும். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம். அமெரிக்காவில் செய்வதாயின் இன்னொன்றும் உண்டு: சட்டத்தில் பொறித்த வண்டி எண் தெரிகிறதா என்று தேய்ப்பதற்கு முன்பே பாருங்கள். பதிவு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எண் அழிந்த சட்டம் தலைவலி.

துருவை நீக்குதல்

நீளமான பகுதிகளுக்குக் கிரைண்டரில் மாட்டிய கம்பி பிரஷ்ஷோ, மணல் வீச்சோதான் வழி. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் தடை செய்யப்பட்டதே 1978-ல்தான். ஆகவே தூசியை மூக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இவ்வேலை கூடாது.

கொளுவி, கொண்டி போன்ற சிறு பொருள்களுக்கு மின்னாற்பகுப்பு அருமையான முறை. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர். 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையில் துருப்பிடித்த பொருள். நேர்முனையில் வேண்டாத இரும்புத் துண்டு. மின்சாரம் பாயும்போது துரு இளகிக் கரும்பொடியாகி, பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். போன இரும்பு திரும்பி வந்து குழியை நிரப்பும் என்று சிலர் நம்புகிறார்கள், அது நடவாது. நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகைப் போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மை மிகுந்த ஆறு இணைதிறன் வடிவில் நீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். அருகில் பொறியும் புகையும் கூடாது. வில் தகடுகளை இத்தொட்டியில் போடவே கூடாது. கடினமாக்கப்பட்ட எஃகினுள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மையதாக்கிவிடும். அவற்றைத் தேய்த்துத்தான் துப்புரவு செய்ய வேண்டும்.

எட்டாத மூலைகளில் எஞ்சும் துருவுக்கு டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம் கலந்த 'துரு மாற்றி' பூசுவார்கள். டானிக் அமிலம் பட்ட துரு கருநீலமாகும். இது நமக்குப் பழைய இரசாயனம்தான்: கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து மை செய்தார்களே, அதே வினை.

வெல்டிங் செய்யுமுன் இரண்டு எச்சரிக்கைகள். துத்தநாகம் பூசிய இடமானால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அந்தப் புகை குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். இரண்டாவது இன்னும் கடுமையானது. குளோரின் சேர்ந்த கரைப்பான்களால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு உடனே வெல்டிங் செய்தால், வெப்பத்தாலும் புற ஊதாக் கதிர்களாலும் ஃபாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது. டப்பாவின் மேலுள்ள எழுத்தைப் படிக்காமல் எதையும் தெளிக்காதீர்கள். போல்ட்டுக்குத் துளை போடும்போது குழாயின் மேற்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் போடாமல், உயரத்தின் நடுவில் போடுங்கள். வளையும்போது மேல்புறம் அமுங்கும், கீழ்ப்புறம் இழுபடும். நடுக்கோட்டில் இரண்டும் இல்லை.

பூச்சில் முதற்கோட்டாகத் துத்தநாகப் பொடி மிகுந்த பிரைமர் நல்லது. இரும்பைவிட விரைவில் எலக்ட்ரான்களை விட்டுக்கொடுப்பது துத்தநாகம். தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். 1824-ல் ஹம்ப்ரி டேவி கப்பலடியின் செப்புத் தகட்டைக் காக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் பொருத்திய அதே தத்துவம். ஆனால் துத்தநாகம் இரும்போடு மின்தொடர்பில் இருந்தால்தான் இது நடக்கும். துருவின்மேல் பூசினால் பணம் வீண். குழாயின் முனைகளை முற்றிலும் மூடுங்கள், அல்லது நீர் வடியும்படி திறந்து விடுங்கள். அரைகுறை மூடலே கெடுதல்.

மேலே கட்டும்போது பழைய பகை திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரங்களுக்கு ஆர்சனிக் கலந்த காப்பு மருந்து கைவிடப்பட்டது. பின்னர் வந்த மருந்துகளில் செம்பு அதிகம். அம்மரம் நேரே இரும்பில் படிந்தால் இரும்பை அரிக்கும். இடையில் ரப்பர் பட்டை வையுங்கள். இருவர் எட்டு மணி நேரம் உறங்கினால் மூச்சிலும் தோலிலுமாக ஏறக்குறைய அரை லிட்டர் நீர் வெளியேறும். காற்றுப்போக்கி இல்லாவிட்டால் அது குளிர்ந்த சுவரில் வியர்த்துச் சட்டத்துக்கே வந்து சேரும்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே தூக்கும். காரின் பின்னால் ஓடும் வண்டியில் விளைவு இன்னும் மோசம்: சிறு அசைவும் பாம்புபோல இருபக்கமும் ஆடும் ஆட்டமாக வளர்ந்து, காரையும் சேர்த்துக் கவிழ்க்கும். ஆகவே மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொண்டியின்மேல் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம்.

வண்டி 500 கிலோ. அச்சிலிருந்து கொண்டி 250 செ.மீ. தூரம். கொண்டியில் 60 கிலோ அழுந்த, எடைமையம் அச்சுக்கு முன்னால் 30 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். இப்போது 60 கிலோ நீர் கொண்ட தொட்டியை அச்சுக்குப் பின்னால் 100 செ.மீ. தூரத்தில் வைத்தால் என்னாகும்? கொண்டியின் அழுத்தம் 24 கிலோ குறைந்து 36 கிலோவாகும். மொத்தம் 560 கிலோவில் அது ஆறரை விழுக்காடுகூட இல்லை. அதே தொட்டியை அச்சுக்கு நேர்மேலே வைத்தால் 60 கிலோ அப்படியே இருக்கும். ஏறக்குறைய 11 விழுக்காடு. சமையல் சாமான் எல்லாம் பின்புறக் கதவுக்குள் வைக்கும் கண்ணீர்த்துளி வண்டிகளில் இக்கணக்கைக் கட்டுவதற்கு முன்பே காகிதத்தில் போட்டுவிட வேண்டும். கட்டி முடித்ததும், தரை மட்டத்தில் வண்டியை நிறுத்தி, காரின் கொண்டி உயரத்துக்கு முட்டுக் கொடுத்து, குளியலறை எடைப்பொறியாலேயே கொண்டியின் அழுத்தத்தை அளந்து பார்க்கலாம்.

டயரில் வரிப்பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று பழைய டயரோடு கிளம்பிவிடாதீர்கள். நின்ற இடத்திலேயே ரப்பர் மூப்படையும். 2000-க்குப் பின் செய்த அமெரிக்க டயர்களில், பக்கச் சுவரிலுள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். சக்கரப் பேரிங்குகளைக் கழற்றிக் கழுவி, குழி விழுந்தவற்றை மாற்றிப் புதுக் கிரீஸ் வையுங்கள். முதல் ஓட்டத்தை வெற்று வண்டியோடு இருபது கிலோமீட்டரில் நிறுத்தி, சக்கரக் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருந்தால் பேரிங் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. சக்கர நட்டுகளையும் அப்போதே ஒருமுறை முடுக்கிவிட்டுப் புறப்படுங்கள்.